நரியின் கதையும் ஓவியர் தூரிகையும்

பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் வெல்வது நரியே. பிங்கலகன் என்னும் சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்னும் எருதுக்கும் இடையே நிலவிய நட்பைத் தமனகன் என்னும் நரி கோள் மூட்டிக் கெடுக்கிறது. எருது மாள்கிறது, நரியோ தண்டனையின்றி அமைச்சனாக நிலைக்கிறது. குழந்தைகளுக்காக இக்கதைக்குப் படம் வரையும் ஓவியர் எதனைக் காட்டுவார்? வென்ற நரியின் முகத்தையா, வீழ்ந்த எருதின் உடலையா? சிறுவர் மனத்தில் எழுத்தினும் ஆழமாகப் பதிவது படமே ஆதலின், இவ்வினா சிறிதன்று.

இக்கதைகளைக் காத்து வளர்த்தவருள் சமணத் துறவியர் தலையாயவர். சுவேதாம்பர முனிவரான பூர்ணபத்திரர், சோமன் என்னும் அமைச்சரின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1199இல் பஞ்சதந்திரத்தைத் திருத்திச் செப்பம் செய்தார். அந்நூலை ஜெர்மானிய அறிஞர் ஹெர்டெல் 1908இல் பதிப்பித்தார்; அதனையே ரைடர் 1925இல் ஆங்கிலமாக்கினார். ஆங்கிலவழிப் பஞ்சதந்திரம் பயின்றோர் பலர், தாம் படிப்பது ஒரு சமண முனிவர் செப்பம் செய்த நூல் என்பதை அறியார்.

இக்கதைகளுக்குப் படம் வரையும் மரபோ மேற்கே தழைத்தது. பாரசீகம் வழியாகச் சென்ற கதைகளை எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அரபியில் 'கலீலா வ திம்னா' என ஆக்கினார். கரடகனும் தமனகனுமே அப்பெயர்களாயினர். வண்ணப் படங்கள் நூலுக்கு இன்பம் கூட்டும் என அவர் முன்னுரையிலேயே கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற படச்சுவடி ஒன்று இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. வடமொழி நூலில் இல்லாத ஓர் அதிகாரமும் அரபு நூலில் உண்டு. அதில் திம்னா விசாரிக்கப்பட்டுச் சிறையில் மாள்கிறது. ஓவியர்கள் அக்காட்சியையும் வரைந்தனர். வஞ்சம் வெல்வதோடு கதை முடிவதை அந்நாட்டார் உள்ளமும் ஏற்கவில்லை போலும்!

தமிழ்ச் சமணர்க்கோ இவ்வினாவுக்கு விடை முன்னரே கிடைத்திருந்தது. திருத்தக்கதேவர் சிந்தாமணி பாடத் துணிந்தபோது, அவ்வழியே ஓடிய நரியைக் காட்டி, அதனைப் பொருளாக வைத்துப் பாடுமாறு ஆசிரியர் பணித்தார் என்பது வழிவழிச் செய்தி. அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். யானையும் அதனை எய்த வேடனும் அவனைத் தீண்டிய பாம்பும் ஒருங்கே இறந்து கிடக்க, நரி ஒன்று அங்கு வருகிறது. இவ்வுணவு எத்தனை நாளுக்கு ஆகும் என எண்ணி மகிழ்கிறது. இன்றைக்கு வில்லின் நாண் போதும் எனக் கடிக்கிறது. நாண் அற, வில் நிமிர்ந்து நரியைக் கொல்கிறது. இங்கே நரியைத் தண்டிக்க அரசனும் வேண்டா, அவையும் வேண்டா. அதன் ஆசையே அதற்குக் கூற்றாயிற்று. வினையின் பயனைச் சிறுவர்க்கு விளக்க இதனினும் எளிய கதை உண்டோ?

ஓவியமும் நம்மவர்க்குப் புதிதன்று. சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகமும், அதில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் ஒருங்கே திகழ்கின்றன. அங்கு எவ்வுயிரும் பிறிதோர் உயிரை வஞ்சிக்கவில்லை. அத்தகைய கண்ணோடு உயிர்களை நோக்கிய மரபில் வந்தவர் நாம்.

அவ்விரு செல்வங்களையும் இணைத்து, நரிவிருத்தத்தைப் படநூலாக்கி நம் சிறார்க்கு அளித்தல் நம் கடன். வரையும் கை, நரி மாண்ட காட்சியை வரைய வேண்டா. நாணில் பல் பதியும் அந்நொடியை வரையட்டும். விட்டு விலக இன்னும் வழி இருக்கும் நொடி அதுவே. அப்படத்தை நோக்கும் குழந்தை, 'கடிக்காதே!' என்று நரிக்காக இரங்கிக் கூவுமாயின், அறம் அதன் நெஞ்சில் வேரூன்றியது எனக் கொள்ளலாம்.