பரண் ஒழித்தல்

போகி நெருங்கும் நாள்களில் வீட்டு அலமாரியை ஒழிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு உ.வே.சாமிநாதையரின் நினைவு வருகிறது. 'என் சரித்திரம்' நூலில் மனத்தை உலுக்கும் பகுதிகள், ஏட்டுச்சுவடிகள் மறைந்த விதத்தைச் சொல்பவை. ஆடிப் பதினெட்டில் ஓடும் நீரில் விடப்பட்டவை உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டவையும் உண்டு.

இவற்றைச் செய்தவர்கள் தமிழின் பகைவர் அல்லர். பனையோலைக்குச் சில நூற்றாண்டுகளே ஆயுள். அதற்குள் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவப் பரவப் படியெடுப்போர் அருகினர். ஓலையெழுத்தைப் படிக்கத் தெரியாத தலைமுறை பரணேறியது. அதன் கண்ணுக்குச் செல்லரித்த கட்டு வெறும் குப்பை. ஆயினும் கலைமகள் உறையும் பொருள், காலில் மிதிபடலாகாது. ஆகவே நீருக்கும் நெருப்புக்கும் கொடுத்தனர். பக்தியோடு நிகழ்ந்த அழிவு அது.

வீடுகளிலும் மடங்களிலும் எஞ்சிய கட்டுகளைத் தேடித் திரட்டியே ஐயர் சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். ஆனாலும் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எல்லாம் ஆற்றோடு போனவை என்று சொல்லிவிட முடியாது. கரையான் தின்றவையும் பல.

இவ்வாண்டு அலமாரியின் அடித்தட்டில் என் பாட்டனாரின் கணக்கேடு ஒன்று கிடைத்தது. அதிலுள்ள பழைய பின்னக் குறிகளில் பாதி, தமிழ் கற்பிக்கும் எனக்கே விளங்கவில்லை. விளங்காததைத்தான் அவர்களும் ஆற்றில் விட்டார்கள். துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.