பிள்ளையா? வாரிசா?

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியிலே பாசத்தை மழையாகக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

"பிள்ளை என்ற சொல்லில் மிகுந்து நிற்பது பாசமா? உரிமையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் சொன்னார்: "பிள்ளைன்னு கூப்பிட்டாலே பாசம் பொங்குது, அதிலே எங்கேயா கணக்கு வழக்கு?" என்று. நல்லா இருந்தது. நானே கை தட்டினேன். ஆனால் ஐயா, மனுஷனுக்கு மட்டுமா சரித்திரம்? சொல்லுக்கும் சரித்திரம் உண்டு.

தொல்காப்பியத்திலே மரபியல் என்று ஒரு பகுதி. இளமைக்கு ஒன்பது பெயர்களை அடுக்குகிறார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்று பங்கு போட்டுக் கொடுக்கிறார். இதிலே மனிதக் குழந்தைக்குக் கிடைத்தது எத்தனை? இரண்டே இரண்டு! குழவி, மகவு. பிள்ளை? அது பறவைக்கும் மரத்துக்கும் போய்விட்டது. இன்றைக்கும் கிளிப்பிள்ளை என்கிறோம், தென்னம்பிள்ளை என்கிறோம். ஆக, எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினாரே, அந்தப் பிள்ளை என்ற சொல்லே நாம் தென்னை மரத்துக்கிட்டே இருந்து வாங்கினது! (சிரிப்பு)

எந்தப் பெயரை யாருக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கே வரம்பு கட்டினானே, அதற்குப் பெயர் என்ன ஐயா? உரிமை!

அடுத்து, கரூருக்குப் பக்கத்திலே புகழூர். அங்கே ஆறுநாட்டார் மலை. ஒரு சமண முனிவருக்குக் குடைந்து கொடுத்த இடம். சுமார் 1,800 வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஒரு சேர அரசர், அவர் மகன், அந்த மகனுக்கு மகன், மூன்று தலைமுறையை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பேரன் இளவரசனானபோது செய்த தர்மம் அது. மகன், மகன் என்று அந்தச் சொல் அடுத்தடுத்து வருகிறது. கொஞ்சுவதற்காகவா கல்லிலே வெட்டினான்? பட்டம் யார் வழியாக யாருக்கு வருகிறது என்று ஊருக்குச் சொல்ல வெட்டினான். அந்த வரிசையிலே தாயும் இல்லை, மகளும் இல்லை. அதையும் கவனிக்க வேண்டும்.

பேரன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரன் என்பதுதான் பேரன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். யாழ்ப்பாணத்திலே போய்ப் "பேரன் எங்கே?" என்று கேட்டால், சாய்வு நாற்காலியிலே இருக்கிற தாத்தாவைக் காட்டுவார்கள்! அங்கே பேரன் என்றால் பாட்டனார். ஒரே பெயருக்கு இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் இல்லையா!

இப்போ வாரிசுக்கு வருவோம். அரபியிலிருந்து வந்த சொல். தாசில்தார் அலுவலகத்திலே வாரிசுச் சான்றிதழ்தானே கேட்கிறார்கள்? 'பாசச் சான்றிதழ்' யாராவது கேட்டதுண்டா? (கைதட்டல்)

பிள்ளை வேறு, வாரிசு வேறு என்று ஒரு நாட்டிலே வழக்கமே இருந்தது. நாஞ்சில் நாட்டிலே வேளாளர்களில் ஒரு பகுதியினருக்கு மருமக்கள்வழி. மருமகன் என்றால் அங்கே சகோதரியின் மகன். மாமன் சொத்து அவனுக்கு. பெற்ற மகனுக்கு? உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. அப்பாவின் தோளிலே ஏறி விளையாடினவன் அப்பாவின் வயலிலே உரிமையோடு இறங்க முடியாது. இந்தக் கொடுமையைத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். பேரிலேயே பிள்ளை! பாடினது பிள்ளைக்குச் சொத்தில்லாத கதையை! 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்ட பிறகுதான் மக்களுக்கு வழி பிறந்தது.

மகனுக்கு வழி பிறந்தது. மகளுக்கு? 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்திலே பங்கு கிடைத்தது. ஆனால் பூர்வீகச் சொத்திலே பிறப்பால் வரும் உரிமை ஆண் பிள்ளைக்கு மட்டும். தமிழ்நாடு அதை 1989-இல் திருத்தியது. மத்திய அரசு 2005-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டுத் திருத்தத்திலே ஒரு வரி இருந்தது ஐயா. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்கு இது கிடையாது. எங்க அக்காவுக்குக் கல்யாணம் 1988-லே.

1994-இல் அப்பா நிலத்தைப் பாகம் பிரித்தார். பத்திரம் எழுதுகிறவர், "வாரிசுங்க யார் யாருங்க?" என்று கேட்டார். அப்பா எங்க மூணு பேர் பெயரைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்கா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து வச்சா. "எல்லாம் முடிஞ்சுதாப்பா?" என்றா. அதோடு சரி. நானும் கையெழுத்துப் போட்டேன். 2005 சட்டம் வந்தபோதும், 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினை செல்லும் என்றுதான் இருந்தது.

அப்பாவுக்குப் பாசம் இல்லையா? எங்க நாலு பேரிலே அவர் அதிகம் கொஞ்சினது அக்காவைத்தான்! சாகிற வரைக்கும் "என் பிள்ளை, என் பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பாசத்தாலே பத்திரத்திலே ஒரு வரி எழுத முடிந்ததா?

போன வருஷம் நாங்க மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தோம். முப்பது வருஷம் கழித்து! அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் காகிதத்திலே முதல்லே தேடினது நிலத்தின் அளவை இல்லை. தன் பெயரை.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே வார்த்தை. வீட்டிலே பிள்ளை என்று கூப்பிடுகிறவரைப் பத்திரத்திலே வாரிசு என்று எழுதுங்கள். அன்றைக்குத்தான் பிள்ளை என்ற சொல் முழுசாகும். உரிமையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.