பழைய திடல்களும் பாராசூட் தோழர்களும்

வாலிபத்தை ஒரு தொழிலிலோ விளையாட்டிலோ செலவிட்டவர்கள் முதுமையில் ஒன்றுகூடும்போது எதைப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால், அதன் உண்மையான சரித்திரம் இன்னதென்பது ஒருவாறு விளங்கும். கப்பலில் வேலை பார்த்தவர் துறைமுகங்களைப் பேசுவார். தோட்டத்தில் உழைத்தவர் பழைய லயத்தையும், விடியற்காலைப் பிரட்டுக் களத்தையும், தம் நிரைக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவரையும் பேசுவார். அவ்வாறாயின், ஆகாய விமானத்திலிருந்து விளையாட்டுக்காகக் குதித்துப் பாராசூட்டை விரித்து இறங்கியவர்கள் எதைப் பேசுவார்கள்? மேகத்தையும் வானத்தையும் பேசுவார்கள் என்றே நாம் எண்ணுவோம். அவர்களோ மண்ணையே பேசுகிறார்கள். எந்தத் திடலில் இறங்கினோம், அங்கே யார் யார் இருந்தார்கள், அவர்களில் இன்று யார் இல்லை என்பனவே அவர்களுடைய பேச்சு. அமெரிக்காவில் 1960-களிலும் 1970-களிலும் வாரந்தோறும் குதித்துத் திரிந்து, இன்று நரைத்து முதிர்ந்திருக்கும் அத்தகையோரைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுகின்றோம்.

பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் ஆட்டந்தானே இது, இதிலே சரித்திரம் என்ன இருக்கிறது என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. மலாயாவுக்குப் பாராசூட் என்பது யுத்தத்தோடு வந்த பொருள். 1945-ல் 136-ஆம் படையைச் சேர்ந்தவர்கள் இந்நாட்டுக் காடுகளில் அதனாலேயே இறங்கினார்கள். 1952 பிப்ரவரியில், பேராக்கின் வடக்கே பெலும் பள்ளத்தாக்கில், பிரிட்டிஷ் படையினர் மரங்களின் உச்சிமீதே குதித்தார்கள். அவர்களெல்லாம் கட்டளைக்காகக் குதித்தவர்கள். கட்டளை ஏதுமின்றி, சொந்தக் காசைக் கொடுத்து உயிரைப் பணயம் வைத்தவர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தம்மோடு குதித்து மாண்ட தோழர்களை அவர்கள் எவ்வாறு ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள்? அந்த ஞாபகம் உண்மையோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது?

பாராசூட்டின் பூர்வ கதை நீண்டது, சுருக்கமாகவே சொல்வோம். 1797 அக்டோபர் 22-ல் பாரிஸ் நகரில் கார்னரின் என்ற பிரஞ்சுக்காரர் பலூனிலிருந்து அதைக்கொண்டு இறங்கிக் காட்டினார். அதற்குப்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது பொருட்காட்சிகளில் காட்டும் வேடிக்கையாகவே இருந்தது. அந்த வேடிக்கைக்காரருள் ஒருவரை மட்டும் நாம் விட்டுச்செல்ல முடியாது. ஜார்ஜியா பிராட்விக் என்னும் அம்மையார் 1893-ல் வட கரோலினா மாகாணத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கலியாணம், பதின்மூன்றில் தாய், பிறகு பஞ்சாலையில் கூலி வேலை. குழந்தை மணத்தின் கொடுமை கீழ்நாட்டுக்கு மட்டுமே உரியதென்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக. 1908-ல் அவர் ஒரு காட்சிக் கூட்டத்தோடு சேர்ந்து பலூனிலிருந்து குதிக்கத் தொடங்கினார். உடல் சிறியதாகையால் 'டைனி' என்றே அழைக்கப்பட்டார். 1914-ல் சான் டியாகோவில் ராணுவத்தாருக்குக் குதித்துக் காட்டியபோது, பாராசூட்டை விமானத்தோடு பிணைத்திருந்த கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. அம்மையார் தப்பினார். அடுத்த முறை அந்தக் கயிற்றை வெட்டிக் குறைத்துவிட்டு, விமானத்தை விட்டு விலகி விழுந்தபின், தம் கையாலேயே இழுத்துப் பாராசூட்டை விரித்தார். இன்றுவரை குதிப்பவரெல்லாம் செய்வது அதையேதான். பஞ்சாலைப் பெண்ணொருத்தி காட்டிய வழி அது. 1978 வரை உயிரோடிருந்த அவரே இக்கூட்டத்தாரின் மூத்த பாட்டி எனலாம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், ராணுவத்துக்குத் தேவையற்றுப்போன பாராசூட்டுகள் மலிவாகக் கிடைத்தன. விட்டம் 28 அடி உள்ள வட்டமான நைலான் குடைகள் அவை. வாங்கியவர்கள் குடையின் பின்புறத்தில் துணியை வெட்டித் துவாரமிட்டார்கள்; அவ்வழியே காற்றுப் பீறிட்டு வெளியேறுவதால் குடை சற்றே முன்னோக்கி நகரும். ஒரு தையல் இயந்திரமும் துணிச்சலுமே மூலதனம். ஐரோப்பாவில் இவ்விளையாட்டு முன்னரே முறைப்பட்டிருந்தது. முதலாவது உலகப் போட்டி 1951-ல் யூகோஸ்லாவியாவில் பிளெட் என்னுமிடத்தில் நடந்தது. அமெரிக்காவிலோ, பாரிஸில் பிறந்து அங்கே குடியேறிய ஜாக் இஸ்டெல் என்பவரும் லூ சான்பார்ன் என்பவரும் சேர்ந்து, 1959-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஆரஞ்சு என்ற சிற்றூரில் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். பணம் கட்டி, சில மணி நேரம் பாடம் கேட்டு, எவரும் முதற் குதிப்பைச் செய்யலாம் என்ற வியாபார ஏற்பாடு அந்நாட்டில் அங்கேதான் தொடங்கிற்று. மூன்றே ஆண்டுகளில், 1962-ல், உலகப் போட்டியே அச்சிற்றூரைத் தேடி வந்தது.

ஆரஞ்சுக்குப் பின் நாடெங்கும் இத்தகைய திடல்கள் தோன்றின. 'டிராப் ஸோன்' என்பது அவற்றுக்குக் குதிப்பவர்கள் இட்ட பெயர். பெயர் மிடுக்காயிருந்தாலும் இடம் எளியது. பயிர்நிலத்தின் நடுவே ஓர் ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை. குடைகளை மடித்துக் கட்ட நீண்ட மேசை, அல்லது வெறும் புல்தரை. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய். கதவு கழற்றப்பட்ட ஒரு சிறு செஸ்னா விமானம். கொஞ்சம் வசதியான இடமாயின் பழைய பீச்கிராஃப்ட் ஒன்று இருக்கும். வட்டக் குடையை விரும்பிய பக்கமெல்லாம் செலுத்த முடியாதாகையால், காற்றுக் கொண்டுபோன இடத்திலேதான் இறக்கம். ஆகவே எந்த இடத்தில் விமானத்தை விட்டுக் குதிப்பது என்பதே முதற் பிரச்னை. அனுபவமுள்ள ஒருவர் கதவருகே மண்டியிட்டு, தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்து, வலப்பக்கம், இடப்பக்கம் என்று விமானிக்குச் சொல்லித் திருப்புவார். அவருடைய கணக்குப் பிசகினால் அத்தனை பேரும் சோளக்கொல்லையிலோ மரக்கிளையிலோ இறங்க வேண்டியதுதான். முதியோர்கள் கூடி வயிறு குலுங்கச் சிரிக்கும் கதைகளில் மிகப் பல இந்தப் பிசகுகளைப் பற்றியவையே.

அத்திடல்களில் ஒருவகைச் சமத்துவமும் நிலவிற்று. வைத்தியராயினும் லாரி ஓட்டுபவராயினும், தம் முதுகிலுள்ள கட்டைத் தாமே பார்க்க முடியாது. மற்றொருவர் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். உத்தியோகம் என்னவென்று கேளாமல், எத்தனை முறை குதித்தவர் என்றே கேட்டார்கள். அதற்குச் சாட்சியாக ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கேடு இருந்தது. குதிப்பின் எண், தேதி, இடம், விமானம், உயரம், குடையை விரிக்குமுன் விழுந்த விநாடிகள் என எல்லாம் அதில் எழுதப்படும்; உடன் குதித்த ஒருவர் கையெழுத்திடுவார். எதையேனும் முதன்முறையாகச் செய்தவர் அன்று மாலை எல்லோருக்கும் பீர் வாங்கித் தரவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். மதுவிலக்கை ஆதரிக்கும் நம் வாசகர்கள் இதை மெச்சமாட்டார்கள். ஆயினும், அன்றையக் கடைசி விமானம் இறங்குமுன் எவரும் புட்டியைத் தொடலாகாது என்ற கட்டுப்பாடும் அவ்வழக்கத்தோடு சேர்ந்ததே.

விமானத்தை விட்டு விழுபவர் மணிக்குச் சுமார் 120 மைல் வேகத்தில் விழுகிறார். 12,500 அடி உயரத்தில் குதித்தால், குடையை விரிக்கும்வரை ஏறக்குறைய ஒரு நிமிஷம் கிடைக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் கைகால்களை வளைத்துக் காற்றைப் பயன்படுத்தி ஒருவரையொருவர் அணுகிக் கைகோக்கலாம் என்று கண்டபின், தனியாட்ட விளையாட்டு கூட்டு விளையாட்டாயிற்று. 1965 அக்டோபரில், கலிபோர்னியாவில் ஆர்வின் என்ற ஊரின்மேல், எட்டுப்பேர் வட்டமாகக் கைகோத்து விழுந்தார்கள். அவ்வட்டத்துக்கு 'நட்சத்திரம்' என்று பெயர். கூடவே விழுந்துகொண்டு அதைப் படம் பிடித்தவர் பாப் புகோர் என்பவர். அடுத்த ஆண்டிலேயே, ஒரு சினிமாவுக்காகப் படமெடுக்கக் குதித்த அவர், பசிபிக் கடலில் இறங்கி மூழ்கி இறந்தார். 1967-ல் பில் நியூவெல் என்பவரும் அவருடைய ஆர்வின் தோழர்களும் புகோரின் பெயரால் ஒரு சின்னத்தை ஏற்படுத்தினார்கள். எட்டுப்பேருக்குக் குறையாத நட்சத்திரத்தில் சேர்ந்தவர்களுக்கு அச்சின்னமும், வரிசையாக ஓர் எண்ணும் தரப்படும். முதியவர்கள் சந்திக்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக்கொள்கிறார்கள். எண் சிறியதாயின் ஆள் பழையவர். கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவோர் உண்டு. இறந்த தோழரின் பெயரைப் பல்லாயிரம் பேர் தம் சட்டையில் தைத்துக்கொண்டு திரியும்படி செய்தது இதைக்காட்டிலும் மேலானதென்று நமக்குத் தோன்றுகிறது.

அதே 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நடந்ததைப் பழையவர்கள் தாழ்ந்த குரலிலேயே பேசுவார்கள். ஒஹையோ மாகாணத்தில் ஆர்ட்னர் திடலின்மேல் குதிப்பதற்காகப் பழைய பி-25 குண்டு விமானம் ஒன்றில் அவர்கள் ஏறிச் சென்றார்கள். கீழே மேகம் மூடியிருந்தது, மண் தெரியவில்லை. விமானம் எங்கே இருக்கிறது என்பதை ரேடார் பார்த்துச் சொல்லவேண்டியவர், வேறொரு சிறு விமானத்தின் புள்ளியை இதுவென்று எண்ணிவிட்டார். திடலின்மேல் இருப்பதாக நம்பி, சுமார் 20,000 அடியிலிருந்து 18 பேர் குதித்தார்கள். மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர்களுக்குக் கீழே ஈரி ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராய் விரிந்திருந்தது. கனத்த பூட்ஸும், முதுகிலும் மார்பிலும் கட்டிய மூட்டைகளுமாக அவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். 16 பேர் மூழ்கி மாண்டார்கள். இருவரே மீட்கப்பட்டார்கள். பின்னர் வழக்கு நடந்து, ரேடார் காட்டிய அரசாங்கத்தின்மீது பொறுப்புச் சுமத்தப்பட்டது. கதவருகே மண்டியிட்டுக் கீழே பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் எதற்காக ஏற்பட்டது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கற்பித்தது.

முதியோரின் பேச்சில் நாம் ஒப்புக்கொள்ள முடியாத பகுதி ஒன்று உண்டு. "அந்தக் காலத்தில் விதி இல்லை, தடை இல்லை, எவ்வளவு சுதந்திரம்!" என்று பெருமூச்சு விடுவார்கள். எந்த நாட்டிலும் பழமையைப் போற்றுவோர் விடும் பெருமூச்சுதான் இது. கணக்கைப் பார்ப்போம். 1970-களில் அமெரிக்காவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 40-க்கு மேற்பட்டோர் இவ்விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல் அங்கே ஏறக்குறைய 36 லட்சம் குதிப்புகள் நிகழ்ந்தன. இறந்தவர்கள் 10 பேர். இந்த வித்தியாசம் விதியால் வந்ததன்று, அறிவால் வந்தது. டொமினா ஜால்பர்ட் என்பவர் 1960-களில் கண்டுபிடித்த, காற்றால் நிரம்பி விமானத்தின் இறக்கைபோல் பறக்கும் நீள்சதுரக் குடை, வட்டக் குடையை ஒதுக்கிவிட்டது. சிக்கிய குடையை ஒரே இழுப்பில் கழற்றி எறிவதற்குப் பில் பூத் மூன்று வளையங்களைக் கோத்து ஒரு கருவி செய்தார். குதித்தவர் மயங்கினாலும் தானே குடையை விரிக்கும் சிறு யந்திரத்தை 1991-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் குளோத் கொண்டுவந்தார். இவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் சில தோழர்களின் மரணம் நிற்கிறது. இதை மறைத்துச் சிரிப்புக் கதைகளை மட்டும் சொல்வது மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

மாண்டவர்களை மறவாமலே திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1992 ஏப்ரல் 22-ல் கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்குத் திடலில் 22 பேரோடு கிளம்பிய விமானம், எரிபொருள் மாசுபட்டிருந்ததால், எழும்பிய உடனே விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். விமானம் எழும்பும்போது குதிப்பவர்களும் இடுப்புவார் பூட்டவேண்டும் என்பது கண்டிப்பானது அதற்குப் பின்னரே. பிழைத்த அறுவருள் ஒருவரான டான் பிராட்ஸ்கி-செ‌ன்ஃபெல்டு, கழுத்தெலும்பு முறிந்து, வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தவர். தம் குழுத் தோழர் ஒருவரை அதே விமானத்தில் இழந்தவர். அவர் மீண்டும் குதித்து, உலகச் சாம்பியன் குழுவில் இடம்பெற்றார். ஜார்ஜ் புஷ் என்ற முன்னாள் ஜனாதிபதியின் கதையும் இத்தகையது. 1944 செப்டம்பர் 2-ல் சிச்சி ஜீமா தீவருகே அவருடைய போர்விமானம் சுடப்பட்டபோது, குதித்த அவர் பிழைத்தார். உடனிருந்த இருவர் பிழைக்கவில்லை. அரைநூற்றாண்டு கழித்து, 1997-ல், அவர் தாமாக விரும்பிக் குதித்தார். தொண்ணூறாவது பிறந்த நாளான 2014 ஜூனிலும் குதித்தார்.

ஆர்வினில் எட்டுப்பேராயிருந்த நட்சத்திரம், 2006 பிப்ரவரி 8-ல், நமக்கு அண்டை நாடான தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் கைகோத்த கோலமாக விரிந்தது. அதே காலத்தில் பழைய திடல்கள் பல மூடப்பட்டன. நகரம் வளர்ந்து ஓடுபாதையை விழுங்கிற்று. நிலத்தின் விலை ஏறிற்று. தகரக் கொட்டகை நின்ற இடங்களில் வீடுகள் எழும்பின. அங்கே குடியிருப்போருக்குத் தங்கள் கூரைக்குமேல் யார் யார் இறங்கினார்கள் என்பது தெரியாது. தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள்.

ஒருவர் இறந்தால், உடலை எரித்த சாம்பலை அவருடைய தோழர்கள் விமானத்தில் எடுத்துச் செல்வது அவர்களிடையே வழக்கம். இறந்தவரின் பழைய திடல் இன்னும் இருந்தால் அதன்மேலும், இல்லையெனில் எஞ்சியிருக்கும் வேறொன்றின்மேலும் குதித்து, வட்டமாகக் கைகோத்து, பையைத் திறந்துவிடுகிறார்கள். விழுபவர்களைக் காட்டிலும் சாம்பல் மெதுவாக விழுவதால், அது அவர்களுக்கு மேலே வெண்புகை போலத் தங்கிவிடும். இறங்கியபின் கணக்கேட்டை எடுத்து, எண், தேதி, உயரம், விநாடிகள் எல்லாவற்றையும் எழுதி, உடன் வந்தவர் பெயர்களில் அவருடைய பெயரையும் சேர்க்கிறார்கள். பக்கத்திலிருப்பவர் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்.