திரையில் ஏறிய ஏடுகள்

நாம் முதுகலை பயின்ற 2000களின் தொடக்கத்தில், ஒரு சங்கப்பாட்டின் உரையை ஒப்பிட்டுப் பார்க்கப் பெருங்களத்தூரில் மின்தொடர் வண்டி ஏறி நகரத்து நூலகத்திற்குச் செல்வோம். வேண்டிய நூல் அலமாரியில் இல்லையெனில் அன்றைய நாள் வீண்.

அவ்வேளையில், நாம் அறியாமலே ஒரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் அது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினர். அரசும் பின்தங்கிவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தோன்றியது.

எனினும் அக்காலத்தில் நூல் கிடைத்தாலும் படிக்க முடிவதில்லை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் குறள் முழுதும் பொருளற்ற ரோமன் குறிகளாகத் தோன்றும். தகுதரம், தாம், தாப் என ஆளுக்கொரு குறியேற்றம்! ஒருங்குறி பரவிய பின்னரே இத்தொல்லை ஒழிந்தது.

இன்று ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் பயில்கிறது என்பதை மாணவர் கைப்பேசியில் நொடியில் கண்டுவிடுகிறார். முன்பு சொல்லடைவை நாட வேண்டியிருந்தது. இது பெரும்பேறே.

ஆனால் ஒன்று நம்மை உறுத்துகிறது. மாணவர் ஒருவர் கட்டுரையில் காட்டிய புறநானூற்று அடி நம் கையிலிருந்த அச்சுநூலோடு பொருந்தவில்லை. "எந்தப் பதிப்பு?" என்றோம். "இணையம், ஐயா" என்றார். உ.வே.சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்தபோது சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். வெறும் மூலமாகத் திரையேறும்போது அவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மதுரைத் திட்ட மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உண்டு. அவற்றை எடுத்துத் தம் தளங்களில் இட்டோர் பலர் முதலில் நீக்கியது அந்தப் பெயர்களைத்தான்.

இப்போது நம் வகுப்பில், பாட்டைத் திரையில் காட்டுமுன் அச்சுப் பதிப்பு ஒன்றையும் மேசைமீது வைக்கிறோம். வேறுபடும் சொல்லை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். பாடவேளை முடிந்த மணி அடித்தும் அவர்களிடையே வாதம் ஓய்வதில்லை.