மாநாட்டு வருகையாளரை ரேடியோ வில்லைகளால் தடமறிதல்

மாநாட்டு வருகையாளரை ரேடியோ வில்லைகளால் தடமறிதல் என்பது, கூட்டத்திற்கு வருவோர் அணியும் சிறு மின்னணு வில்லையிலிருந்து வெளிப்படும் ரேடியோ அலைகளைக் கொண்டு, அவர்கள் அரங்கின் எப்பகுதியில், எவ்வளவு நேரம், யாருக்கு அருகில் இருந்தனர் என்பதை அறியும் முறை ஆகும். இதற்குப் பயன்படும் மின்கலமுள்ள வில்லைகள் ஆக்டிவ் டேக் என வழங்கப்படுகின்றன. 2006 ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த ஸ்புட்னிக் செயற்திட்டம் இம்முறையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். தொற்றுநோய் ஆய்வுக்குப் பயன்பட்ட இதே நுட்பம், தனிமனித அந்தரங்கம் குறித்த கேள்விகளையும் எழுப்பியது.

வில்லைகளின் வகைகள்

ரேடியோ அலை அடையாள வில்லைகள் இரு பெரும் வகைப்படும்.

மின்கலமற்ற வில்லை: இதற்குத் தனி ஆற்றல் இல்லை. படிப்பி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பித் தெரிவிக்கும். விலை மிகக் குறைவு. ஆனால் படிப்பியின் எல்லைக்குள் வந்தால் மட்டுமே பேசும்.

மின்கலமுள்ள வில்லை: இது தன் மின்கலத்தைக் கொண்டு, யாரும் கேட்காமலேயே குறித்த இடைவெளிகளில் தன் எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பல மீட்டர் தொலைவிலிருந்தும் இதைப் பெறலாம். மின்கலம் தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் மதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் உள்ள கொடைரோடு சுங்கச்சாவடியைக் கடப்போர் முதல் வகையை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்படும் ஃபாஸ்டேக் மின்கலமற்ற வில்லையே ஆகும். 2014 இல் அறிமுகமான இது, 2021 பெப்ரவரி முதல் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஃபாஸ்டேக் சாவடியைக் கடந்த நேரத்தை மட்டுமே தெரிவிக்கும். அடுத்த சாவடி வரை வண்டி எங்கு நின்றது என்பது அதற்குத் தெரியாது. மின்கலமுள்ள வில்லையோ, படிப்பிகள் உள்ள இடமெங்கும் தொடர்ந்து தன் இருப்பை அறிவிக்கிறது. இவ்வேறுபாடே இக்கட்டுரைப் பொருளின் மையம்.

வரலாறு

இதன் முன்னோடியாகக் கருதப்படுவது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி ஆய்வகம் 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய ஆக்டிவ் பேட்ஜ் ஆகும். அது ரேடியோ அலைக்கு மாறாக அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை தன் எண்ணை அனுப்பியது. தொலைபேசி அழைப்பை ஊழியர் இருக்கும் அறைக்கே திருப்பிவிடுவது அதன் ஒரு பயன்பாடாகும்.

2003 திசம்பரில் செனீவாவில் நடந்த தகவல் சமூகத்திற்கான உலக உச்சி மாநாட்டில், பங்கேற்பாளரின் அடையாள அட்டைகளுக்குள் ரேடியோ வில்லை இருந்ததை ஆய்வாளர்கள் சிலர் கண்டறிந்து வெளியிட்டனர். அட்டையை அணிந்தோருக்கு இது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை என்பதே சர்ச்சைக்குக் காரணமாயிற்று.

2006 திசம்பர் 27 முதல் 30 வரை பெர்லினில் கேயாசு கணினிக் கழகத்தின் 23 ஆவது மாநாடு நடைபெற்றது. அதில் ஓப்பன்பீக்கன் என்னும் திறந்த மூலச் செயற்திட்டத்தின் வில்லைகள் ஸ்புட்னிக் என்ற பெயரில் 10 யூரோ விலைக்கு விற்கப்பட்டன. 1957 இல் ஏவப்பட்ட சோவியத் செயற்கைக்கோளின் பெயரே இது. வில்லையை வாங்குவதும் அணிவதும் அவரவர் விருப்பம். கண்காணிப்பு எவ்வளவு எளிது என்பதைப் பங்கேற்பாளர் தம்மைக் கொண்டே உணர்ந்தறிய இது வாய்ப்பளித்தது.

2008 சூலையில் நியூயார்க்கில் நடந்த ஹோப் மாநாட்டிலும் இத்தகைய வில்லைகள் பயன்படுத்தப்பட்டன. இங்கு திரட்டிய தரவு பின்னர் ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டது.

செயல்படும் விதம்

ஓப்பன்பீக்கன் வில்லையின் முக்கிய உறுப்புகள் மூன்று: ஒரு நுண்கட்டுப்படுத்தி, 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரேடியோச் சில்லு, கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற பொத்தான் மின்கலம். சுவர்களில் பொருத்தப்படும் படிப்பிகள் கணினி வலையமைப்பு வழியாக ஒரு வழங்கியுடன் இணைக்கப்படுகின்றன.

வில்லை தன் எண்ணை ஒரே வலுவில் அனுப்புவதில்லை. வலுக்குறைந்த அலை முதல் வலுமிக்க அலை வரை மாறி மாறி அனுப்புகிறது. ஒவ்வொரு செய்தியிலும் அது எந்த வலுவில் அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். வலுமிக்க செய்தியைப் பல படிப்பிகள் பெறும். வலுக்குறைந்ததை அருகிலுள்ள படிப்பி மட்டுமே பெறும். எடுத்துக்காட்டாக, அ, ஆ, இ என்னும் மூன்று படிப்பிகளும் வலுமிக்க செய்தியைப் பெற்று, ஆ மட்டும் வலுக்குறைந்ததையும் பெற்றால், அணிந்தவர் ஆ படிப்பிக்கு அருகில் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

பல வில்லைகள் ஒரே கணத்தில் பேசினால் செய்திகள் மோதி அழியும். இதைக் குறைக்க, அனுப்பும் இடைவெளி தற்போக்காக மாற்றப்படுகிறது. மேலும் மனித உடலிலுள்ள நீர் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுவதால், அணிந்தவர் திரும்பி நின்றாலே இருப்பிடக் கணிப்பு பிழைபடக்கூடும்.

தொற்றுநோய் ஆய்வில் பயன்பாடு

உடல் அலையை மறைக்கும் இக்குறையையே சோசியோபேட்டர்ன்ஸ் என்னும் ஆய்வுக் குழு நன்மையாக மாற்றியது. 2008 இல் தொடங்கிய இக்குழு, மார்பில் அணியும் வில்லைகள் ஒன்றையொன்று கேட்கும்படி அமைத்தது. மிகக் குறைந்த வலுவில் அனுப்பினால், சுமார் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தொலைவில் இருவர் எதிரெதிராக நிற்கும்போது மட்டுமே செய்தி சென்றடையும். இதனால் யார் யாருடன் நேருக்கு நேர் இருந்தனர் என்பதை 20 நொடித் துல்லியத்தில் பதிவு செய்ய முடிந்தது.

2009 இல் பிரான்சின் நீசு நகரில் நடந்த மருத்துவ மாநாடு ஒன்றில் 405 பேர் இவ்வில்லையை அணிந்தனர். அவர்களுடைய சந்திப்புகளைக் கொண்டு கணினியில் நோய்ப்பரவல் மாதிரிகள் இயக்கப்பட்டன. எத்தனை பேரைச் சந்தித்தார் என்பதோடு, ஒவ்வொருவருடனும் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதும் பரவலைக் கணிக்க இன்றியமையாதது என்று இவ்வாய்வு காட்டியது. அதே ஆண்டு டப்ளின் நகரின் அறிவியல் காட்சியகத்தில் 14,000 க்கும் மேற்பட்ட வருகையாளரின் தொடர்புகள் பதிவு செய்யப்பட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் 865–867 மெகா ஹெர்ட்ஸ், 2.4 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளைக் குறைந்த வலுக் கருவிகளுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த 2005 இல் வழி செய்யப்பட்டது. பெருந்திரளைத் தடமறியும் முயற்சிகளில், அமர்நாத் யாத்திரிகர்களுக்கு 2022 முதல் ரேடியோ வில்லை வழங்கப்படுவது குறிப்பிடத்தக்கது. மலைப்பாதையில் காணாமற் போவோரை அறிய உதவுவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

2020 ஏப்ரலில் வெளியான ஆரோக்கிய சேது செயலி, கைப்பேசியின் புளூடூத்தைக் கொண்டு அருகில் இருந்தோரைப் பதிவு செய்தது. தனி வில்லை இல்லாமலே நடந்த இது, மேற்கண்ட முறையின் மற்றொரு வடிவம் எனலாம். அதன் தொடர்பறியும் வசதி நிறுத்தப்பட்டு, திரட்டிய தரவு நீக்கப்பட்டதாக இந்திய அரசு 2023 இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அந்தரங்கமும் சட்டமும்

வில்லையில் இருப்பது பெயரன்று, வெறும் எண்ணே என்று வாதிடப்படுவதுண்டு. ஆயினும் ஒருவர் உரையாற்றும் நேரத்தில் மேடையில் பதிவாகும் எண் அவருடையதே என்பதை எவரும் ஊகிக்கலாம். அதன்பின் அவருடைய நடமாட்டம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். யாருடன் தனியே பேசினார் என்பதும் இதில் அடங்கும்.

2017 ஆகத்து 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. 2023 இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்தைத் தெளிவாக அறிவித்து இசைவு பெறுதலையும், நோக்கம் நிறைவேறியபின் தரவை அழித்தலையும் பொது விதியாகக் கொண்டுள்ளது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை கட்டங்களாக நடைமுறைக்கு வருகின்றன.

செனீவா, பெர்லின் ஆகிய இரு மாநாடுகளையும் ஒப்பிட்டால், பெர்லினில் பயன்பட்டதே ஆற்றல் மிக்க வில்லை. எனினும் சர்ச்சைக்குள்ளானது செனீவா வில்லையே. அணிவோரின் அறிவும் இசைவும் இருந்தனவா என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

இவற்றையும் பார்க்க

ரேடியோ அலை அடையாளம்
புளூடூத்
ஃபாஸ்டேக்
அந்தரங்க உரிமை