விக்கிமீடியா பொதுவகம்: படங்களைப் பதிவேற்றலும் வகைப்படுத்தலும்

விக்கிமீடியா பொதுவகம் என்பது எவரும் எடுத்தாளத்தக்க படங்கள், ஒலிப்பதிவுகள், நிகழ்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைக்கும் இணைய ஊடகக் களஞ்சியம். ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மோலர் 2004 மார்ச்சில் முன்வைத்த யோசனையின் பேரில் அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் படங்களைத் தன்னிடமே வைத்திருந்தது. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் உள்ள படம் தமிழ்க் கட்டுரைக்குத் தேவைப்பட்டால் அதை இறக்கி மறுபடியும் ஏற்றவேண்டியிருந்தது. பொதுவகத்தில் ஒருமுறை ஏற்றிய படத்தை, கோப்பின் பெயரை எழுதினாலே போதும், எந்த மொழி விக்கியிலும் காட்டலாம். 2006 நவம்பரில் 10 இலட்சம் கோப்புகள், 2011 ஏப்ரலில் ஒரு கோடி, இப்போது 10 கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய குவியலில் ஒரு படத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. பெயரும் விளக்கமும் பகுப்பும் சரியாக இல்லாத படத்தைப் பிறகு யாரும் தேடி எடுக்க முடியாது; அது அங்கே இருந்தும் இல்லாதது போலத்தான்.

உரிமம்

பொதுவகத்தின் வாசலில் முதலில் கேட்கப்படுவது படத்தின் அழகு அல்ல, உரிமம். வணிக நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றியும் வெளியிடலாம் என்ற இரு அனுமதியும் உள்ள படமே ஏற்கப்படும். எனவே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிடுதல், அதே உரிமத்தில் பகிர்தல் ஆகிய நிபந்தனைகள் கொண்டவை செல்லும். வணிகப் பயன்பாட்டையோ மாற்றுவதையோ தடுப்பவை செல்லா. ‘கல்விக்காகத்தானே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. திரைப்படச் சுவரொட்டிகளையும் நூல் அட்டைகளையும் நியாயமான பயன்பாடு என்ற பெயரில் தமிழ் விக்கிப்பீடியா தன்னிடத்தில் வைத்துக்கொள்கிறது. பொதுவகம் அதற்கு இடம் தருவதில்லை. இந்தியத் திரை நட்சத்திரங்களின் படங்கள் பல அங்கே இருப்பதற்குக் காரணம், பாலிவுட் ஹங்காமா தளம் தன் ஒளிப்படக்காரர்கள் விழாக்களில் எடுத்த படங்களைக் கட்டற்ற உரிமத்தில் விட்டதுதான். அந்த அனுமதி படக்காட்சிகளுக்கோ சுவரொட்டிகளுக்கோ பொருந்தாது.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் உரிமையாளர் யார் என்பது. படத்தில் இருப்பவர் என்பதாலேயே ஒருவருக்கு அந்தப் படத்தின் காப்புரிமை வந்துவிடாது. இணையத்தில் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் வந்தது என்பவை உரிமமே அல்ல. வேறொருவர் எடுத்த படத்தை ஏற்றவேண்டுமானால், உரிமையாளர் தம் ஒப்புதலை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தன்னார்வலர் குழு ஒன்று அதைச் சரிபார்த்துக் கோப்பின் பக்கத்தில் பதிவெண் இடும்.

பழைய ஒளிப்படங்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. இந்தியாவில் எடுத்த படத்துக்கு இந்தியச் சட்டப்படி காப்புரிமை முடிந்திருந்தால் மட்டும் போதாது. களஞ்சியம் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அந்நாட்டிலும் முடிந்திருக்க வேண்டும்.

பொது இடத்தில் நிற்கும் கலைப்படைப்பைப் படமெடுப்பதிலும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே சென்னை மெரினாவின் கண்ணகி சிலையைப் படமெடுத்து ஏற்றலாம். சாலையோரச் சுவரில் இன்றைய ஓவியர் வரைந்த படத்தை அப்படி ஏற்ற முடியாது. பிரான்சில் இன்னும் கெடுபிடி. பாரிஸ் லூவர் அருங்காட்சியக முற்றத்திலுள்ள கண்ணாடிப் பிரமிடை நடுநாயகமாக வைத்து எடுத்த படங்கள் நீக்கப்படுகின்றன. அதை வடிவமைத்த ஐ. எம். பேய் 2019இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற கணக்கில் அந்தக் காப்புரிமை 2089 முடியும்வரை நீடிக்கும்.

படமெடுத்தது மனிதரே இல்லையென்றால்? இந்தோனேசியாவில் ஒரு மக்காக் குரங்கு, டேவிட் ஸ்லேட்டர் என்ற ஒளிப்படக்காரரின் கேமராவில் தன்னையே எடுத்துக்கொண்ட படம் 2011இல் உலகெங்கும் பரவியது. அது மனிதர் படைப்பு அல்ல, எனவே யாருக்கும் உரிமையில்லை என்று பொதுவகம் அதை வைத்துக்கொண்டது, ஸ்லேட்டர் எதிர்த்தார். விலங்கு எடுத்த படத்துக்குக் காப்புரிமைப் பதிவு கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2014இல் விளக்கம் தந்தது. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

பதிவேற்றும் முறை

பதிவேற்றக் கணக்கு கட்டாயம். 2011 முதல் புழக்கத்தில் உள்ள பதிவேற்ற வழிகாட்டி, கோப்பைத் தேர்ந்தெடுத்தல், உரிமம் குறித்தல், விளக்கம் எழுதுதல் என்று படிப்படியாக அழைத்துச் செல்லும். ஜேபெக், பிஎன்ஜி, எஸ்விஜி, டிஃப், பிடிஎஃப் போன்ற வடிவங்கள் செல்லும். எம்பி4 நிகழ்படம் செல்லாது, ஏனென்றால் அதன் நுட்பம் காப்புரிமக் (பேட்டன்ட்) கட்டுப்பாட்டில் உள்ளது. எம்பி3யும் ஒருகாலத்தில் அதே நிலையில்தான் இருந்தது. அதன் காப்புரிமங்கள் காலாவதியானபின், 2017இல்தான் அதற்குக் கதவு திறந்தது.

கேமரா தானாக இடும் ‘டிஎஸ்சி 0123’ போன்ற பெயருடன் ஏற்ற முயன்றால் வழிகாட்டி மறுத்துவிடும். எந்த இடம், எந்தப் பகுதி, எந்தக் கோணம் என்று பெயரே சொல்லவேண்டும். ‘செஞ்சிக் கோட்டை கல்யாண மகால் வடக்கிலிருந்து’ என்பது நல்ல பெயர். ‘அழகான கோட்டை’ யாருக்கும் பயன்படாது. கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கத் தடையில்லை, இடம்தான் குறுகிவிடும். பெயருக்கான உச்சவரம்பு 240 பைட். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கிறது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. ‘செஞ்சிக் கோட்டை’ என்று எழுத 43 பைட் ஆகிறது. அதே பெயர் ஆங்கிலத்தில் 11 பைட்டில் முடிந்துவிடும். ஊர், கோயில், மண்டபம், சிற்பம் என்று விரிவாகப் பெயரிட விரும்பும் தமிழர் இதை நினைவில் கொண்டு, நீளமான செய்தியை விளக்கத்துக்குத் தள்ளிவிடுவது நல்லது. விளக்கத்துக்கு அந்த நெருக்கடி இல்லை; எத்தனை மொழியிலும் எழுதலாம்.

ஏற்றும் படத்தோடு கேமரா பதிந்துவைத்த தரவும் சேர்ந்து போகும்: கேமரா வகை, எடுத்த நாள், நேரம், கைப்பேசியில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும்கூட. கோயிலுக்கும் அருவிக்கும் இது பெரிய வசதி, வரைபடத்தில் படத்தை நேரே பொருத்திவிடலாம். வீட்டு மாடியில் எடுத்த பூவின் படத்தில் அதே தரவு வீட்டு முகவரியாகிவிடுகிறது. ஏற்றுமுன் நீக்கிவிட வேண்டும்.

ஒரே கோப்பை இருமுறை ஏற்றினால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் கைரேகை போன்ற எண் ஒன்று உண்டு; பெயரை மாற்றினாலும் அது மாறாது. அளவைச் சற்றே மாற்றிய நகலை மட்டும் இந்தக் கணக்கு பிடிக்காது, மனிதக் கண்தான் பிடிக்கவேண்டும். மேம்படுத்திய படத்தைப் பழையதன் மீதே ஏற்றினாலும் முந்தைய பதிப்பு அழிவதில்லை, வரலாற்றில் நிற்கும்.

பகுப்புகள்

பொதுவகத்தில் கோப்புறைகள் கிடையாது, இருப்பவை பகுப்புகள். ஒரு படம் பல பகுப்புகளில் இருக்கலாம், ஒரு பகுப்புக்கும் பல தாய்ப் பகுப்புகள் உண்டு. விதி ஒன்றுதான்: மிகக் குறுகிய, மிகப் பொருத்தமான பகுப்பில் இடு. செஞ்சிக் கோட்டைக்கென்று பகுப்பு இருக்கையில், அதே படத்தைத் தமிழ்நாட்டுக் கோட்டைகள், இந்தியக் கோட்டைகள் என்று மேல்தட்டுகளிலும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் செஞ்சி ஏற்கெனவே அவற்றுள் அடக்கம். ஆர்வக்கோளாறில் புதியவர்கள் பத்துப் பகுப்புகளை அடுக்குவார்கள்; ஒரு பராமரிப்பாளர் வந்து எட்டை நீக்குவார். அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பகுப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. உயிரினங்களுக்கு இலத்தீன் அறிவியல் பெயர். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் படமெடுத்தவர் சிர்ரோகுரோவா தாய்ஸ் என்ற பகுப்பைத் தேடிப் போகவேண்டும். எல்லா நாட்டவரும் பங்களிக்கும் இடத்தில் ஒரு பொதுப்பெயர் தேவை என்பது புரிகிறது. ஆனால் ஆங்கிலம் அறியாத பங்களிப்பாளரை இந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதும் உண்மை.

பகுப்பே இடாமல் விட்ட படத்தைத் தானியங்கி நிரல் ஒன்று கண்டெடுத்து, ‘பகுப்பு தேவைப்படுபவை’ என்ற தற்காலிகப் பட்டியலில் தேதிவாரியாகச் சேர்க்கும். அந்தப் பட்டியல் எப்போதும் வற்றுவதில்லை. பராமரிப்பாளர்களுக்குக் கைகொடுப்பவை ஹாட்கேட், கேட்-எ-லாட் போன்ற கருவிகள்; முன்னது ஒரு சொடுக்கில் பகுப்பை மாற்றும், பின்னது பல படங்களை ஒருசேர இடம் மாற்றும்.

குறுந்தலைப்பும் ‘சித்தரிப்பது’ கூற்றும்

மொழிச் சிக்கலுக்கு மாற்றுவழி 2019இல் வந்தது. அமெரிக்காவின் ஸ்லோன் அறக்கட்டளை நிதியுதவியுடன் நடந்த திட்டத்தின் பயனாக, முதலில் எந்த மொழியிலும் எழுதத்தக்க குறுந்தலைப்பும், சில மாதங்களில் படம் எதைச் சித்தரிக்கிறது என்று குறிக்கும் கூற்றும் சேர்ந்தன. இக்கூற்று சொல்லாக அன்றி, விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தின் அடையாள எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. ‘கியூ146’ என்று குறித்தால் தமிழ் வாசகருக்குப் பூனை என்றும் ஜெர்மானியருக்கு அவர்கள் மொழியிலும் தெரியும். தமிழில் தேடினாலும் அந்தப் படம் கிடைக்கும். பகுப்புமுறையை இது இன்னும் அகற்றிவிடவில்லை, இரண்டும் அருகருகே ஓடுகின்றன.

நீக்கல்

ஐயத்துக்குரிய கோப்பு நீக்கல் வேண்டுகோளுக்கு உள்ளாகும். வழக்கமாக ஏழு நாள் விவாதம், பிறகு நிர்வாகி ஒருவரின் முடிவு. வெளிப்படையான திருட்டுக்கு விவாதம் இல்லை, உடனே நீக்கம். நீக்கப்பட்டவை பார்வையிலிருந்து மறைகின்றனவே தவிர அழிவதில்லை. காப்புரிமை எந்த ஆண்டு தீரும் என்று கணக்கிட்டு, அந்த ஆண்டில் மீட்கவேண்டியவை என்று நீக்கல் விவாதங்களையும் பகுத்துவைத்திருக்கிறார்கள். 

பெருந்தொகுப்புகள்

தனியாள் படங்களோடு நிறுவனங்களின் கொடையும் பொதுவகத்தை நிரப்பியது. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008 டிசம்பரில் 80,000க்கும் மேற்பட்ட வரலாற்றுப் படங்களைத் தந்தது. படக்குறிப்புகளில் பிழை இருந்தால் பார்வையாளர்கள் சுட்டிக்காட்டத் தனிப்பக்கம் திறக்கப்பட்டது. தவறான ஊர், தவறான ஆள் என்று பிழைகள் அங்கே வந்து சேர்ந்தன. நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய ‘விக்கி நினைவுச்சின்னங்களை விரும்புகிறது’ போட்டி, மறு ஆண்டு ஐரோப்பா முழுவதும் நடந்து 1,68,000க்கும் மேற்பட்ட படங்களைக் குவித்துக் கின்னஸ் சாதனையானது. 2012இல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது.

தமிழ் விக்கியர்கள் அதற்கு முன்பே, 2011 நவம்பரில், தமிழர் வாழ்வியல் சார்ந்த ஊடகப் போட்டி ஒன்றைத் தொடங்கி ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் தந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்களும் பொதுவகத்தில்தான் உள்ளன. தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்ப்பவர்கள் பக்கம் பக்கமாகப் பார்ப்பது அந்தக் கோப்புகளையே.

பொதுவகத்தில் ஆங்கில விளக்கம் மட்டுமே உள்ள தமிழகப் படங்கள் ஏராளம். குறுந்தலைப்பைத் தமிழில் சேர்க்கக் கேமரா தேவையில்லை. பதிவேற்றத்துக்குப் போலக் கணக்குத் தொடங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் ஊர்ப் பகுப்பைத் திறந்து ஒரு படத்திலிருந்து தொடங்கலாம்.