சத்தம் போடாத காரின் சரித்திரம்

டில்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை என்று பல நகரங்களில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். எல்லோரும் அதன் பளபளப்பைப் பார்த்து வியக்கிறார்கள். இயந்திரத் துறையில் பல வருடங்கள் பணிபுரிந்த எனக்கு வியப்பளிப்பது அதன் அமைதி. அது எப்படிக் கிடைத்தது என்பதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஹென்ரி ராய்ஸ் முதலில் செய்த ஆறு சிலிண்டர் வண்டியில் நீளமான கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிர்ந்தது. சில சமயம் முறிந்தும் போயிற்று. 1906-ல் காட்சிக்கு வந்த 40/50 குதிரைத்திறன் வண்டியில் அவர் அதைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்குகளில் தாங்க வைத்தார்.

இதைச் சாலையில் நிரூபிக்க வேண்டுமே! 1907-ல் வெள்ளி நிறம் பூசிய 'சில்வர் கோஸ்ட்' வண்டியை, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓட்டினார்கள். லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவும் பகலும் ஓட்டம். ஞாயிறு மட்டும் ஓய்வு. 629-வது மைலில் வண்டி நின்றது. காரணம், அதிர்வில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டதுதான்! அதைத் திறக்க ஒரு நிமிஷம். பிறகு 14,371 மைல் வரை கோளாறு என்று வண்டி நிற்கவே இல்லை. முடிவில் அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த பாகங்களை மாற்றிப் புதிது போலாக்க ஆகும் செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்.

அந்தக் காலத்தில் கம்பெனி செய்து தந்தது சேஸிஸ் மட்டுமே. மேல்கூண்டை பார்க்கர், ஹூப்பர் போன்ற வேறு நிறுவனங்கள் மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு பொருத்திக் கட்டின. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது மரத்தோடு மரம் உரசிக் கிறீச்சிடும், கதவு இறங்கும், தகடு அதிரும். யார் தவறானாலும் கெட்ட பெயர் ரோல்ஸ் ராய்ஸுக்குத்தான். 1920-களில் பிரபலமான வேமன் என்பவரின் முறையில், மரங்கள் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் உலோகத் தகடு வைத்து இணைத்து, மேலே துணி போர்த்தினார்கள். உரசல் சத்தம் நின்றது; ஆனால் துணி நாளடைவில் நைந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சோதனை ஓட்டுநர் கண்டுபிடிக்கும் வழி இன்றும் பயன்படும். வண்டி நிற்கும்போதே எஞ்சின் வேகத்தோடு அதிர்வு கூடினால், எஞ்சினையோ அது அமர்ந்திருக்கும் தாங்கிகளையோ பார்க்க வேண்டும். நியூட்ரலில் உருளும்போதும் நீடித்தால் சக்கரம், டயர் பக்கம் பார்க்க வேண்டும். பள்ளத்தில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் கூண்டு அல்லது ஸ்பிரிங்.

1946-ல் பென்ட்லி மார்க் 6 வண்டிக்குக் கம்பெனியே எஃகுக் கூண்டும் பொருத்தித் தந்தது. பொறுப்பும் ஒரே இடத்துக்கு வந்தது.

அடுத்த அணிவகுப்புக்குப் போனால், அந்த வண்டி புறப்படும்போது சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். 1907-ல் ஒரு நிமிஷ நிறுத்தத்தைக்கூட விடாமல் கணக்கில் எழுதியவர்களின் சிரத்தை அதில் இருக்கிறது.